‘ஹாட்’ என்ற சொல்லைக் கன்னடம் பேசுவோருக்குக் கற்பித்தல்

‘ஹாட்’ என்ற ஆங்கிலப் பெயரடைக்குக் கன்னடத்தில் ஒரே நிகர்ச்சொல் கிடையாது. ஆவி பறக்கும் காபிக்குப் ‘பிஸி’, மிளகாய்க்குக் ‘கார’, மங்களூரின் மே மாதப் புழுக்கத்துக்கு ‘ஸெகெ’, ராய்ச்சூரின் நண்பகலுக்குப் ‘பிஸிலு’, தொட்டால் கையைப் பதம் பார்க்கும் தோசைக்கல்லுக்கு ‘ஸுடுத்தெ’ என்று கன்னடம் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆங்கிலம் இவை அனைத்தையும் ஒரே சொல்லில் அள்ளிக்கொள்கிறது. ஆங்கிலத்திலிருந்து கன்னடத்துக்கு வரும்போது மாணவர் அதிகம் தடுமாறுவதில்லை. சூழலே பொருளைக் காட்டிவிடும். கன்னடத்தில் நினைத்து ஆங்கிலத்தில் பேசும்போதுதான் சிக்கல் எழுகிறது. ‘பிஸி என்றால் ஹாட்’ என்று மனப்பாடம் செய்தவர், பாலைச் சூடாக்கு என்பதற்கு ‘ஹாட் த மில்க்’ என்பார். சூடாகப் பரிமாறு என்பதற்கு ‘சர்வ் ஹாட்லி’ என்பார். இந்த அத்தியாயம் அந்தத் திரும்பும் வழியைச் சீர்செய்வதற்கானது.

தொடங்கும் முன்: ஒலிப்பு

கற்பிப்பவர் தமிழராக இருந்தால் முதலில் தம் நாக்கைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ‘பிஸி’யின் பகரம் ‘பந்து’ என்பதன் பகரம் அல்ல. ‘அன்பு’ என்பதில் ஒலிக்கும் மெல்லிய பகரம். ‘பிஸிலு’வும் ‘பெச்சகெ’யும் அப்படியே. ‘ஸெகெ’யின் ககரமோ ‘பக்கம்’ என்பதில் வருவது போல வல்லோசை உடையது, ஆனால் இரட்டிப்பதில்லை.

தமிழ் எழுத்தில் ‘பிஸி’ என்று எழுதினால் வேலை மும்முரம் என்றே தமிழர் படிப்பார். கன்னடரிடையேயும் இந்தக் குழப்பம் உண்டு. ஓய்வில்லை என்ற பொருளில் வரும் ஆங்கிலச் சொல்லைப் பலர் சூட்டைக் குறிக்கும் ‘பிஸி’ போலவே ஒலிக்கிறார்கள். ‘ஐ ஆம் பிஸி’ என்பதன் நடு ஒலி சகரச் சாயல் இல்லாமல் வண்டின் ரீங்காரம் போல அதிர வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

தமிழருக்கு நினைவில் வைக்க ஒரு வழி இருக்கிறது. தமிழில் சொல்லின் நடுவே யகரம் வரும் சில இடங்களில் கன்னடத்தில் ஸகரம் வரும்: உயிர் – உஸிரு, பெயர் – ஹெஸரு, வயிறு – பஸிரு. அந்த வரிசையில் வெயில் – பிஸிலு. பஸிரு இன்று கர்ப்பத்தையே குறிக்கிறது என்பதால் வயிற்று வலிக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்திவிடக் கூடாது.

பொருளைப் பிரித்தல்

1. முதலில் பெயர்ச்சொல்லைக் கேட்க வேண்டும். எது ஹாட்? பானமா, உணவா, நாளா, ஆளா, பரப்பா? ‘ஹாட்’ என்ற பெயரடை தனியாகப் பொருள் தருவதைவிட, பக்கத்தில் நிற்கும் பெயரால் பொருள் பெறுவதே அதிகம்.

2. பெயர்ச்சொல் தெரிந்ததும் கன்னடச் சொல்லை மாணவரையே சொல்லச் செய்ய வேண்டும். நீர், பால், காபி, சோறு, இரும்பு என்றால் ‘பிஸி’. வெளியில் அடிக்கும் வெயில் என்றால் ‘பிஸிலு’. காற்று இல்லாமல் வியர்த்து வழிந்தால் ‘ஸெகெ’. நாக்கில் எரிந்தால் ‘கார’. இந்த நான்கும் மாணவருக்குக் குழந்தைப் பருவம் முதல் தெரிந்தவை. அவற்றை விளக்கத் தேவையில்லை, வரிசைப்படுத்தினால் போதும்.

3. ஐயம் வந்தால் எதிர்ச்சொல்லைக் கேட்க வேண்டும். இதைவிடக் கச்சிதமான சோதனை வேறில்லை. ‘பிஸி’க்கு எதிர் ‘தண்ணகெ’, ஆங்கிலத்தில் ‘கோல்ட்’. ‘ஸெகெ’க்கு எதிர் ‘சளி’. அதுவும் ‘கோல்ட்’தான், ஆனால் வானிலையைப் பற்றியது. ‘கார’வுக்கு எதிர் ‘ஸப்பெ’. ஆங்கிலத்தில் காரம் குறைந்தது ‘மைல்ட்’, உப்பும் உறைப்பும் இல்லாதது ‘பிளாண்ட்’. மாணவர் எந்த எதிர்ச்சொல்லைச் சொல்கிறாரோ அதிலிருந்து அவர் மனத்தில் உள்ள ‘ஹாட்’ எது என்று தெரிந்துவிடும்.

குறிப்பு: கன்னட ‘சளி’ குளிரைக் குறிக்கும்; தமிழில் மூக்கடைப்போடு வருவது. ‘சளி ஆக்தா இதெ’ என்று கன்னட மாணவர் சொன்னால் அவருக்கு மருந்து தேவையில்லை, போர்வை போதும். தமிழர் சொல்லும் சளிக்குக் கன்னடத்தில் ‘நெகடி’.

4. சூட்டின் அளவைப் பிரிக்க வேண்டும். கன்னடத்தில் ‘பெச்சகெ’ என்பது இதமான சூடு. அது ‘வார்ம்’, ஒருபோதும் ‘ஹாட்’ ஆகாது. அதற்கும் கீழே ‘உகுரு பெச்சகெ’ இருக்கிறது. உகுரு என்றால் நகம், நகத்தளவு இளஞ்சூடு. ஆங்கிலத்தில் ‘லூக்வார்ம்’. தொண்டை கரகரத்தால் கொப்பளிக்கச் சொல்வதும் கைக்குழந்தையைக் குளிப்பாட்டச் சொல்வதும் இந்த நீர்தான். மூன்று சொற்களையும் ஒரே கோட்டில் எழுதி, ‘லூக்வார்ம், வார்ம், ஹாட்’ என்று இடமிருந்து வலமாகக் காட்டினால் பெரும்பாலோருக்குப் பிடிபட்டுவிடும்.

‘கார’வை மட்டும் தனியே நடத்துதல்

உறைப்பையும் சூட்டையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் குறிப்பது கன்னட மாணவருக்கு விசித்திரமாகப் படும். தமிழருக்கும் அப்படித்தான். ஆனால் உடலின் பக்கமிருந்து பார்த்தால் ஆங்கிலம் தவறு செய்யவில்லை. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டை உணரும் நரம்பு ஏற்பியே மிளகாயில் உள்ள கேப்சைசினுக்கும் தூண்டப்படுகிறது. 1997-ல் இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படாபூட்டியனுடன் சேர்ந்து 2021-ல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார். மிளகாயைக் கடித்தவருக்கு மூளை ‘சுட்டுவிட்டது’ என்றே சொல்கிறது. வகுப்பில் இதை இரண்டு வாக்கியத்தில் சொல்லி நகர்ந்துவிடலாம்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியது வேறு. கன்னடத்தில் ‘கார’ என்பது உறைப்பை மட்டும் குறிப்பதில்லை. இனிப்பு அல்லாத சிற்றுண்டி முழுவதையும் குறிக்கும். கேசரி பாத்துக்கு இணையாகத் தட்டில் வரும் கார பாத் உண்மையில் ரவை உப்புமா. இரண்டும் சேர்ந்து வந்தால் ‘சௌ சௌ பாத்’. ஐயங்கார் பேக்கரியின் கார பன்னும் கார பிஸ்கட்டும் இந்த வகைதான். இவற்றை ‘ஹாட் பன்’, ‘ஹாட் பிஸ்கட்’ என்று மொழிபெயர்த்தால் வெளிநாட்டார் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்ததை எதிர்பார்ப்பார். ‘சேவரி’ அல்லது ‘ஸ்பைஸி’ என்பதே சரி.

எனவே உணவைப் பற்றிப் பேசும்போது மாணவர் பின்பற்ற வேண்டிய வரிசை:

– இனிப்பு அல்ல என்று சொல்ல வேண்டுமா? ‘சேவரி’.
– உறைக்கிறது என்று சொல்ல வேண்டுமா? ‘ஸ்பைஸி’. ‘ஹாட்’ தவறில்லை, ஆனால் குழப்பும்.
– கொதிக்கிறது என்று சொல்ல வேண்டுமா? ‘ஹாட்’.

‘ஸாரு தும்பா கார’ என்பதை ‘த ரசம் இஸ் வெரி ஸ்பைஸி’ என்று சொன்னால் ஐயத்துக்கு இடமே இல்லை. ‘த ரசம் இஸ் வெரி ஹாட்’ என்றால், கேட்பவர் ஊதிக் குடிப்பதா, தண்ணீரைத் தயாராக வைத்துக்கொள்வதா என்று யோசிக்க வேண்டியிருக்கும். மறுபக்கம், ஒரு ஆங்கிலேயர் ‘இஸ் இட் ஹாட்?’ என்று கேட்டால் கன்னடர் எதையும் ஊகிக்கக் கூடாது. ‘ஹாட் ஆர் ஸ்பைஸி?’ என்று திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

மிளகாயைப் பற்றிப் பேச ஹாவேரி மாவட்டத்து ப்யாடகி மிளகாய் கைவசம் உள்ள எடுத்துக்காட்டு. நிறம் ரத்தச் சிவப்பு, உறைப்பு குறைவு. ‘இட் இஸ் ரெட், பட் நாட் வெரி ஹாட்’ என்ற வாக்கியத்தை அதை வைத்தே பழக்கலாம்.

வாக்கியத்தில் பொருத்துதல்

5. பெயருக்கு முன்னால். ‘பிஸி நீரு’ – ‘ஹாட் வாட்டர்’. இங்கே இரு மொழிகளும் ஒரே மாதிரி நடப்பதால் மாணவர் தவறுவதில்லை. எண்ணக்கூடிய பெயர் ஒருமையில் வந்தால் மட்டும் ‘அ ஹாட் டே’ என்று முன்னே ‘அ’ வேண்டும்.

6. பெயருக்குப் பின்னால். ‘நீரு பிஸி’ என்று கன்னடத்தில் வினையே இல்லாமல் முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் ‘த வாட்டர் இஸ் ஹாட்’ என்று ‘இஸ்’ கட்டாயம். மாணவர் ‘வாட்டர் ஹாட்’ என்று நிறுத்தினால், ‘பிஸியாகிதெ’ என்ற முழு வடிவத்தை நினைவூட்டி, அதில் உள்ள ‘இதெ’யின் இடத்தில் ‘இஸ்’ வருகிறது என்று காட்ட வேண்டும்.

7. ஆள் எழுவாயாக வரும்போது. கன்னடத்தில் வெக்கை ஒருவருக்கு ‘ஆகிறது’: ‘நனகெ ஸெகெ ஆக்தா இதெ’. வெக்கைதான் எழுவாய், ஆள் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். தமிழின் ‘எனக்குப் புழுக்கமாக இருக்கிறது’ ஏறத்தாழ இதே அமைப்பு. ஆங்கிலம் ஆளை எழுவாயாக்குகிறது: ‘ஐ ஆம் ஹாட்’, ‘ஐ ஃபீல் ஹாட்’. இரண்டில் இரண்டாவதைப் பழக்குவதே நல்லது. முதலாவதற்குப் பேச்சு வழக்கில் ‘நான் கவர்ச்சியான ஆள்’ என்ற பொருளும் உண்டு. ஒரு முதல் சந்திப்பில் அந்தச் சிரிப்பைத் தவிர்க்கலாம்.

8. மிகுதியைச் சொல்லும்போது. ‘தும்பா’ என்பதற்கு ‘வெரி’. ‘டூ’ என்பது அளவு மீறியதையும் அதனால் ஒன்று முடியாமல் போவதையும் காட்டும். ‘குடியலாரதஷ்டு பிஸி’ என்பதுதான் ‘டூ ஹாட் டு டிரிங்க்’. ‘டூ ஹாட் காஃபி, சூப்பர்!’ என்று பாராட்டினால் ஆங்கிலேயருக்குப் புகார் போலக் கேட்கும். தென்னிந்தியா முழுவதும் வேரூன்றிய பிழை இது. ஒரு வகுப்பில் போகாது, ஆண்டு முழுவதும் திருத்த வேண்டும்.

9. ஒப்பிடும்போது. கன்னடத்தில் பெயரடை மாறுவதில்லை. ‘கிந்த’வும் ‘ஜாஸ்தி’யும் வேலையைச் செய்துவிடும்: ‘இவத்து நின்னெகிந்த பிஸிலு ஜாஸ்தி’. ஆங்கிலத்தில் சொல்லே மாறுகிறது: ‘ஹாட், ஹாட்டர், ஹாட்டஸ்ட்’. ‘மோர் ஹாட்’ என்பது ‘ஜாஸ்தி’யின் நிழல். எழுதும்போது இறுதி எழுத்தான ‘டீ’ இரட்டிக்க வேண்டும். ‘பிக்’, ‘ஃபேட்’ போன்ற குறுஞ்சொற்களோடு சேர்த்துக் கற்பித்தால் ஒரே முயற்சியில் மூன்றும் கிடைக்கும்.

அடிக்கடி நேரும் பிழைகள்

‘ஹாட் த மில்க்.’ கன்னடத்தின் ‘பிஸி மாடு’ (‘மாடு’ என்றால் செய்) இரண்டு சொல். அதன் ‘பிஸி’யை மட்டும் பெயர்த்ததால் வந்த பிழை. இன்றைய பொது ஆங்கிலத்தில் ‘ஹாட்’ தனியே வினையாக வருவதில்லை. ‘ஹீட் த மில்க்’.

‘டுடே ஹாட் இஸ் மோர்.’ ‘பிஸி’யும் ‘பிஸிலு’வும் பெயர்ச்சொல்லாகவும் நிற்கும், ‘ஹாட்’ அப்படி நிற்காது. பெயர்ச்சொல் ‘ஹீட்’. ஆனாலும் இங்கே ‘இட் இஸ் ஹாட்டர் டுடே’ என்பதே இயல்பு. வானிலைக்கு ‘இட்’ எழுவாயாக வருவதைத் தனிப் பாடமாகவே வைக்கலாம்.

‘சர்வ் ஹாட்லி.’ ‘பிஸியாகி படிஸு’ என்பதில் வரும் ‘ஆகி’யைப் பார்த்து மாணவர் வினையடை தேடுகிறார். பரிமாறும் விதத்தை அல்ல, பரிமாறும் பொருளின் நிலையைச் சொல்வதால் ஆங்கிலத்தில் பெயரடையே வரும்: ‘சர்வ் ஹாட்’. ‘ஹாட்லி’ என்ற சொல் உண்டு. அது விவாதத்துக்கும் மறுப்புக்கும் உரியது.

‘ஹாட் ஹாட் தோசா.’ ‘பிஸி பிஸி தோஸெ’யின் நேர்ப்பெயர்ப்பு. இந்திய ஆங்கிலத்தில் இது இனிமையாகவே ஒலிக்கிறது, உணவு விடுதிப் பலகையில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தேர்வுத் தாளிலும் வெளிநாட்டாரிடமும் ‘பைப்பிங் ஹாட்’ என்றே எழுத வேண்டும்.

‘பப்பாயா இஸ் ஹாட்.’ பப்பாளி ‘உஷ்ண’, இளநீர் ‘தம்பு’ என்ற பாகுபாடு கன்னட வீடுகளில் அன்றாடப் பேச்சு. ஆங்கிலத்தின் ‘ஹாட்’ இந்த இடத்துக்கு எட்டாது. ‘இட் இஸ் செட் டு ஹீட் த பாடி’ என்று விரித்துச் சொல்வதே வழி. மாணவரின் நம்பிக்கையைத் திருத்துவது இந்தப் பாடத்தின் வேலை அல்ல. அதை ஆங்கிலத்தில் விளங்கும்படி சொல்லக் கற்றுக்கொடுப்பது மட்டுமே.

‘ஹாட் டிரிங்க்ஸ்.’ இந்தியப் பேச்சில் மதுவைக் குறிக்கும். பிற நாடுகளில் தேநீரும் காபியும்தான். வெளிநாட்டு விருந்தினர் ‘ஹாட் டிரிங்க்’ கேட்டால் கெட்டிலைத்தான் வைக்க வேண்டும்.

உருவகங்கள்

கன்னட நாளிதழ்கள் ‘பிஸி’யைத் தாராளமாகப் புழங்குகின்றன. ஆனால் அவற்றில் பல இடங்களில் ஆங்கிலம் ‘ஹாட்’டைத் தவிர்த்து ‘ஹீட்’டின் குடும்பத்துக்குப் போகிறது. ‘பிஸி பிஸி சர்ச்செ’ என்பது ‘ஹீட்டட் டிபேட்’. ‘பெலெ ஏரிகெய பிஸி’ என்றால் விலை உயர்வின் சூடு. ‘த பிஞ்ச் ஆஃப் ரைசிங் பிரைசஸ்’ என்று ஆங்கிலம் கிள்ளலாக மாற்றிக்கொள்கிறது. ‘பிஸி முட்டிஸு’, அதாவது ஒருவருக்குச் சூடு உறைக்கச் செய்வது, ‘மேக் சம்ஒன் ஃபீல் த ஹீட்’. ‘பிஸி ரக்த’ என்று இளைஞரைச் சொன்னால் ‘ஹாட்-பிளடட்’ எனலாம்; ஆனால் அதில் காமச் சாயல் ஏறக்கூடும். முன்கோபம் மட்டும் என்றால் ‘ஹாட்-ஹெடட்’ பாதுகாப்பானது.

நேராகப் பொருந்தும் ஒன்றும் இருக்கிறது. சுடச்சுட விற்றுத் தீர்வதைக் கன்னடர் ‘பிஸி தோஸெயந்தெ’ என்பார்கள். ஆங்கிலேயர் ‘லைக் ஹாட் கேக்ஸ்’ என்பார்கள். பண்டம்தான் வேறு. மாணவர்கள் இதைக் கேட்டுச் சிரித்த பின் மறப்பதில்லை.

கர்நாடகத்தின் அட்சர தாசோஹ திட்டத்தில் பள்ளிகள் வழங்கும் மதிய உணவுக்குப் ‘பிஸியூட்ட’ என்று பெயர். ‘ஹாட் மீல்’ என்றால் சமைத்துச் சூடாகத் தரும் உணவு என்று புரியும். பள்ளித் திட்டத்தைக் குறிக்கும்போது ‘மிட்-டே மீல்’ என்பதே பழகிய சொல்.

பாதுகாப்பு: தவறினால் காயம் ஆகும் இடங்கள்

குளியல் நீர். ஆங்கிலக் குறிப்பில் ‘வார்ம்’ அல்லது ‘லூக்வார்ம்’ என்று இருப்பதைப் ‘பிஸி நீரு’ என்று சொல்லிக்கொடுத்தால் குழந்தைக்கும் முதியவருக்கும் ஆபத்து. 60 டிகிரி செல்சியஸ் நீர் சில நொடிகளிலேயே தோலைப் புண்ணாக்கிவிடும். இந்த வேறுபாட்டை மட்டும் எழுத்துத் தேர்வோடு விடாமல் வாய்மொழியாகவும் சோதிக்க வேண்டும்.

மருத்துவரிடம். ‘மை ஸுடுத்தா இதெ’ என்பதை ‘மை பாடி இஸ் ஹாட்’ என்பதைவிட ‘ஐ ஹேவ் ஃபீவர்’ என்று சொல்வது தெளிவு. ‘உஷ்ண ஆகிதெ’ என்பதை ‘ஹீட்’ என்று மட்டும் சொன்னால், அந்த வழக்கை அறியாத மருத்துவர் காய்ச்சல் என்றே எடுத்துக்கொள்வார். வாய்ப்புண்ணா, சிறுநீர் எரிச்சலா, கண் எரிச்சலா என்று அறிகுறியைப் பெயர் சொல்லிக் கூறப் பழக்க வேண்டும்.

மின்சாரம். அமெரிக்கக் கையேடுகளில் ‘ஹாட் வயர்’ என்றால் மின்னழுத்தம் உள்ள கம்பி; இங்கே ‘ஃபேஸ்’ என்பது. அது தொட்டுப் பார்க்கச் சூடாக இருக்காது. ‘பிஸி இல்ல’ என்று கையால் சோதித்துவிடும் அபாயம் உள்ளதால், மின் வேலை கற்போருக்கு இந்தப் பொருளைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

தொழிற்சாலை. ‘ஹாட் வொர்க்’ என்பது பற்றவைப்பு, வெட்டுதல், சாணை பிடித்தல் போன்று தீப்பொறி பறக்கும் வேலை. ‘ஹாட் வொர்க் பெர்மிட்’ என்ற பலகை உள்ள இடத்தில் அனுமதிச் சீட்டு இல்லாமல் அந்த வேலையைத் தொடங்கக் கூடாது. ‘காஷன்: ஹாட் சர்ஃபேஸ்’ என்பதற்கு மட்டும் கன்னடத்தில் ‘ஸுடுத்தெ, முட்டபேடி’ என்று வினையாகவே சொல்லிக்கொடுக்கலாம். பொருள் உடனே கைக்கு எட்டும்.

நாற்பது நிமிட வகுப்பு

1. ஒரு குவளை வெந்நீர், ஒரு காய்ந்த மிளகாய், வெயில் காயும் தெருவின் படம், வியர்த்த முகத்தின் படம் ஆகிய நான்கையும் மேசையில் வைக்க வேண்டும். வெந்நீருக்கு மூடியுள்ள குவளை. மேசை ஓரத்தில் வைக்கக் கூடாது.

2. ஒவ்வொன்றுக்கும் மாணவர் கன்னடச் சொல்லையும் எதிர்ச்சொல்லையும் சொல்ல, பலகையில் எழுத வேண்டும். முதல் பத்து நிமிடம் ஆங்கிலமே வேண்டாம்.

3. நான்குக்கும் ‘ஹாட்’ என்று எழுதி, வெந்நீர், மிளகாய், தெரு, ஆள் என்ற வரிசையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியம் சொல்ல வைக்க வேண்டும். மிளகாய்க்கு ‘ஸ்பைஸி’, ஆளுக்கு ‘ஐ ஃபீல் ஹாட்’ என்று மாணவரே திருத்திக்கொள்ளும் வரை காத்திருப்பது பலன் தரும்.

4. பிறகு திசையை மாற்ற வேண்டும். ‘ஹாலு பிஸி மாடு’, ‘பிஸியாகி படிஸு’, ‘குடியலாரதஷ்டு பிஸி’, ‘இவத்து பிஸிலு ஜாஸ்தி’, ‘நனகெ ஸெகெ ஆக்தா இதெ’ என்ற ஐந்தையும் ஆங்கிலத்தில் சொல்லச் செய்யலாம். ஐந்தில் ‘ஹாட்’ வராத வாக்கியம் எது என்று கேட்டால் மாணவர் முதல் வாக்கியத்தைக் காட்ட வேண்டும்.

5. வீட்டுப் பாடமாக, வீட்டுச் சமையலறையில் ஒரு நாள் காதில் விழும் ‘பிஸி’, ‘கார’ ஆகியவற்றைக் குறித்து வந்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆங்கிலச் சொல்லை எழுதச் சொல்லலாம். அடுத்த வகுப்பு அந்தப் பட்டியலிலிருந்து தொடங்கும்.